தோலை உரித்தால் நிறம் மாறுமா?

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முன்பெல்லாம் வீட்டில் பயத்தம் மாவும் கஸ்தூரி மஞ்சளும் தயாராகும். இன்று அழகு நிலையத்திற்கு ஓடுகிறார்கள். மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று தமிழர்கள் வாழும் பகுதிகளில் அழகு நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. "ஸ்க்ரப்", "பாலிஷிங்", "பீல்", "லேசர்" என்று பலகையில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். கல்யாண வீட்டுக்காரர்களும், கன்னத்தில் பருத் தழும்பு உள்ள இளைஞர்களும் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை அங்கே கொடுத்துவிட்டு வருகிறார்கள். அந்தப் பணத்துக்கு முகத்தில் என்னதான் செய்கிறார்கள்?

தானே உதிரும் தோல்

நம் தோல் இரண்டு அடுக்குகளாக இருக்கிறது. வெளியே இருப்பது மேல் தோல். முகத்தில் அதன் கனம் சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதற்கு அடியில் இருப்பது உள் தோல். ரத்தக் குழாய்களும், நரம்புகளும், தோலுக்கு உறுதி தரும் நார்களும் அங்கேதான் உள்ளன.

மேல் தோலின் அடித்தளத்தில் புதிய செல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அவை மெல்ல மேலே நகர்ந்து, வழியிலேயே உயிரிழந்து, தட்டையான செதில்களாகி, கடைசியில் உதிர்ந்து விடுகின்றன. இந்தப் பயணத்திற்குச் சுமார் நான்கு வாரம் ஆகிறது. வயதாக ஆக இந்தக் காலம் நீளும். செத்த செதில்கள் உதிராமல் தங்கினால் முகம் மங்கித் தெரியும். மயிர்க்கால்கள் அடைபட்டுப் பருவும் வரும். அந்தச் செதில்களைச் சீக்கிரமாக உதிரச் செய்வதுதான் இந்தச் சிகிச்சைகளின் முதல் படி.

தேய்ப்பதும் கரைப்பதும்

தேய்த்து எடுப்பது பழைய முறை. கடலை மாவும் பீர்க்கங்கூடும் அந்த வகைதான். அழகு நிலையத்து "ஸ்க்ரப்" குழம்பில் இருக்கும் பொடியும் அதே வேலையைச் செய்கிறது. "டயமண்ட் பாலிஷிங்" என்பதில் வைரத் துகள் பதித்த சிறு முனையால் தேய்த்தபடியே, செதில்களை இயந்திரம் உறிஞ்சி எடுக்கும். இவையெல்லாம் மேலாகச் சுரண்டுவதோடு சரி. முகம் வழவழப்பாகும், ஆழமான தழும்பு போகாது.

இரண்டாவது முறை அமிலம். செத்த செதில்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் கட்டை இது தளர்த்தி விடும். கரும்பில் உள்ள கிளைகாலிக் அமிலம், புளித்த தயிரில் உள்ள லாக்டிக் அமிலம், எண்ணெய்ப் பசையில் கரைந்து மயிர்க்காலுக்குள் இறங்கக்கூடிய சாலிசிலிக் அமிலம் ஆகியவை அதிகம் பயன்படுகின்றன. ஜெர்மானியத் தோல் மருத்துவர் உன்னா 1882-லேயே சாலிசிலிக் அமிலம் உள்ளிட்ட சில ரசாயனங்களால் தோலை உரிக்கலாம் என்று எழுதினார். 1974-ல் அமெரிக்காவில் வான் ஸ்காட், யூ என்ற இருவர், மீன் செதில் போலத் தோல் தடிக்கும் நோய்க்குக் கிளைகாலிக் போன்ற அமிலங்கள் பலன் தருவதை வெளியிட்டார்கள். அழகுச் சாதனங்களுக்குள் அந்த அமிலங்கள் நுழைய வழி பிறந்தது அங்கேதான்.

எந்த அமிலம், எவ்வளவு வீரியம், எத்தனை நிமிடம் என்பதைப் பொறுத்து அது இறங்கும் ஆழம் அமையும். லேசான பீலில் சில நாள் தவிடு போல உதிர்ந்து முகம் தெளியும். டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் வீரியமாகப் போட்டால் உள் தோலின் மேற்பகுதி வரை இறங்கும். ஆற ஒரு வாரத்திற்கு மேல் ஆகலாம். எல்லாவற்றிலும் ஆழமானது பீனால். அது ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யக் கூடியது.

லேசர்

கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளியைத் தோலில் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சூட்டில் அந்த இடத்துத் தோல் ஆவியாகிறது. காயம் ஆறும்போது உள் தோலில் புதிய நார்கள் உருவாகி, பள்ளமான தழும்பு ஓரளவு மேடேறுகிறது. முன்பு முகம் முழுவதையும் சீவியது போல எடுத்தார்கள். பின்னர் அறிமுகமான முறையில், மயிரிழை போன்ற நுண்ணிய துளைகள் மட்டும் போட்டு இடையிடையே நல்ல தோலை விட்டு வைக்கிறார்கள். அந்த நல்ல தோல் பக்கத்துக் காயத்தைச் சீக்கிரம் ஆற்றுகிறது.

மாநிறத்தாருக்கு எச்சரிக்கை

நமக்கு நிறம் கொடுக்கும் செல்கள் மேல் தோலின் அடித்தளத்தில் இருக்கின்றன. கறுப்பரானாலும் வெள்ளையரானாலும் அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை சுரக்கும் நிறப் பொருளின் அளவிலும் வகையிலும்தான் வித்தியாசம். எனவே மேலே எத்தனை முறை உரித்தாலும் கீழிருந்து அதே நிறம்தான் வரும். வெயில் பட்டுக் கறுத்ததும், பரு விட்டுச் சென்ற கறையும் குறையும். பிறவி நிறம் மாறாது.

இன்னொன்று முக்கியம். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சூடோ அமிலமோ அளவு மீறினால், நிறச் செல்கள் மிரண்டு அதிகமாகச் சுரக்கும். கறையைப் போக்கப் போனவர் பெரிய கறையோடு திரும்புவது இதனால்தான். அது மறையப் பல மாதம் ஆகும். உரித்த தோலில் வெயில் பட்டால் கறை இன்னும் மோசமாகும். கட்டட வேலை, மூட்டை வேலை, தெரு வியாபாரம் என்று நாள் முழுதும் வெயிலில் நிற்பவர்களுக்குப் பீல் ஏற்றதல்ல. கல்யாணத்திற்கு ஒரு வாரம் முன்னால் முதல் தடவையாகப் பீல் செய்துகொள்வதும் விவேகமல்ல.

மருந்துக் கடைக் களிம்பு

இவற்றைவிடப் பெரிய ஆபத்து, மலிவாகக் கிடைக்கும் சிவப்பழகுக் களிம்பு. பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதல் சில வாரம் முகம் வெளுத்துத் தெரியும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் சிவந்து, பருவும் மயிரும் முளைக்கும். நிறுத்தினால் முகம் எரியும். அதனால் நிறுத்தவும் முடியாது. தோலில் பூசும் ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. வேறு சில களிம்புகளில் சேர்க்கப்படும் பாதரசமோ சிறுநீரகத்தையே கெடுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத டப்பாவை வாங்காதீர்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசியவர்கள் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டிக் குறைப்பது நல்லது.

பணம் கட்டுமுன்

மேலாகத் தேய்ப்பதோடு நிற்கும் வேலையை அழகு நிலையத்தில் செய்துகொள்ளலாம். வீரியமான அமிலத்துக்கும் லேசருக்கும் தோல் மருத்துவரே வேண்டும். பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அடிபட்டால் தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்கள், உதட்டில் அக்கி வந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். எத்தனை தடவை வர வேண்டும், மொத்தச் செலவு என்ன என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் தழும்பு போய்விடும் என்பவரை நம்பாதீர்கள். மும்பையில் சயான், கே.இ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. வெளியே பெருந்தொகை கட்டுமுன் அங்கே ஒரு தடவை காட்டி யோசனை கேட்கலாம். ஒரு நாள் லீவு போவதோடு போகட்டும், முகம் மிஞ்சும்.