ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர வேண்டாம்: வீட்டைச் சுத்தம் செய்யப் பாதுகாப்பான வழிகள்

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதே நம் வீடுகளில் ஒட்டடைக் குச்சி வெளியே வந்துவிடும். பரண்மேல் கிடக்கும் பித்தளைப் பாத்திரங்கள் இறங்கும். அதே வேகத்தில் கடைக்குப் போய் ஆசிட் ஒரு பாட்டில், பினாயில் ஒரு பாட்டில், பிளீச்சிங் பவுடர் ஒரு பாக்கெட் வாங்கி வருவோம். மூன்றையும் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒரே மூலையில் வைப்போம். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

எங்கள் அத்தை வீட்டில் அந்த மூலைதான் ஆபத்தாகிப் போனது. கழிவறையில் மஞ்சள் கறை போகவில்லை என்று முதலில் ஆசிட் ஊற்றினார். திருப்தி இல்லை. அதன்மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, குனிந்து தேய்க்க ஆரம்பித்தார். வாடை வெளியே வரக்கூடாது என்று கதவையும் சாத்திக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் கண் எரிச்சல், மூச்சுத் திணறல், நிற்காத இருமல். மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து, ஒரு நாள் தங்க வைத்து அனுப்பினார்கள். இருமல் போக மூன்று வாரம் ஆனது. "சுத்தம் பண்றதுக்குத்தானே ரெண்டையும் விக்கிறாங்க, சேர்த்தா இன்னும் நல்லா போகும்னு நெனச்சேன்" என்றார். தப்பான யோசனை என்று சொல்ல முடியுமா? நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

நடந்தது இதுதான். பிளீச்சிங் பவுடரிலும் திரவ பிளீச்சிலும் ஹைப்போகுளோரைட் இருக்கிறது. கழிவறை ஆசிட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. அதனால் மேலே போகாமல் தரையை ஒட்டியே தேங்கும். குனிந்தோ உட்கார்ந்தோ தேய்ப்பவரின் மூக்கு இருக்கும் உயரம் அதுதான். நீல நிறத்தில், அழகான பாட்டிலில் வரும் பெரும்பாலான கழிவறை திரவங்களிலும் அதே அமிலம்தான் இருக்கிறது. ஆசிட் என்று பெயர் இல்லை என்பதால் அதை பிளீச்சோடு சேர்க்கலாம் என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் கவனியுங்கள். எலுமிச்சைச் சாறும் வினிகரும் அமிலம்தான். "இயற்கைப் பொருள்தானே" என்று பிளீச்சோடு கலந்தாலும் குளோரின் வரும். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தை பிளீச்சோடு சேர்த்தால் வேறொரு நச்சு வாயு வரும். எனவே பிளீச் போட்டால் அது தனியாக, பச்சைத் தண்ணீரில் மட்டும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. வேறு எதையும் அதோடு சேர்க்காதீர்கள்.

தவறிக் கலந்துவிட்டால்? எதையும் சரி செய்ய நிற்காதீர்கள். உடனே வெளியே வாருங்கள், வீட்டில் உள்ளவர்களையும் காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துப் போங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னொரு பயம் உண்டு. சில்லறையாக வாங்கும் ஆசிட்டையும் பினாயிலையும் காலி குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது நம்மிடம் ரொம்பச் சாதாரணம். மூன்று வயதுக் குழந்தைக்கு அது குளிர்பானம்தான். அப்படி எதையாவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது தொண்டையைப் புண்ணாக்கிய ஆசிட், திரும்பி வரும்போதும் புண்ணாக்கும். பினாயில், மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் இருக்கிறது. 108-ஐ அழைத்து, அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன குடித்தது என்று டாக்டருக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, இதெல்லாம் வேண்டாம் என்றால் வேறு என்ன போட்டுத் துடைப்பது?

எது அழுக்கு என்று பார்த்தால் எது மருந்து என்று தெரிந்துவிடும். குழாயிலும் ஷவரிலும் படியும் வெள்ளை உப்பு, போர்த் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து. அதற்கு அமிலம் வேண்டும், ஆனால் எலுமிச்சையோ வினிகரோ போதும். துணியை வினிகரில் நனைத்து குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டி வையுங்கள், பிறகு பழைய டூத் பிரஷால் தேயுங்கள். பித்தளை, செம்பு கறுப்பதற்குப் புளி. இது பாட்டி காலத்து வழக்கம் மட்டும் இல்லை, புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. ஆனால் கடப்பா கல், மார்பிள், மொசைக் தரையில் எந்தப் புளிப்பும் படக்கூடாது. அந்தக் கற்களே சுண்ணாம்பு வகை, மேற்பரப்பு அரித்து மங்கிவிடும். எங்கள் சமையலறை மேடையில் எலுமிச்சை மூடியை வைத்த இடம் இன்றும் வெள்ளை வட்டமாக இருக்கிறது.

எண்ணெய்ப் பிசுக்குக்கு அமிலம் உதவாது. அங்கே சுடுதண்ணீரும் சோப்பும், அல்லது ஆப்ப சோடாவும். செல்போனில் நிறைய வீடியோக்களில் ஆப்ப சோடா மேல் வினிகரை ஊற்றி நுரை பொங்குவதைக் காட்டுவார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான். சோடாவைத் தனியாகத் தேய்த்துக் கழுவுங்கள், வினிகரைத் தனியாகப் பயன்படுத்துங்கள்.

தரை துடைக்க, பாத்திரம் கழுவ, துணி அலச என் ஓட்டு பூந்திக்கொட்டைக்கு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சோப்பு மாதிரி நுரைத்து அழுக்கை எடுக்கும் சப்போனின் அதன் தோலில் இருக்கிறது. விதை நீக்கிய 15 கொட்டையை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து, காலையில் 20 நிமிடம் கொதிக்க விட்டு வடிகட்டுங்கள். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், வெளியே வைத்தால் புளித்துவிடும். கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும், அதையும் குழந்தைக்கு எட்டாமல்தான் வைக்க வேண்டும்.

பழத்தோல் கரைசல் செய்பவர்களும் இருக்கிறார்கள். வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. மூன்று மாதம் புளிக்க வேண்டும். கண்ணாடி பாட்டிலில் போடாதீர்கள், முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். இல்லையென்றால் வாயு சேர்ந்து வெடித்துவிடும். இதுவும் புளிப்புதான், கடப்பா மேடைக்கும் பிளீச்சுக்கும் பக்கத்தில் வேண்டாம்.

இதற்காக பிளீச்சே கூடாது என்று சொல்லவில்லை. வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் கழிவறைக்கு எலுமிச்சை போதாது, கிருமிநாசினி வேண்டும். முதலில் சோப்பு போட்டுக் கழுவி, சோப்பு போக அலசி, பிறகு கரைத்த பிளீச்சை ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் அதன் வேகம் அழுக்கிலேயே செலவாகிவிடும். தினமும் ஊற்றத் தேவையில்லை. செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் ஆசிட்டையும் பிளீச்சையும் அள்ளி ஊற்றினால், கழிவை மட்கச் செய்யும் பாக்டீரியாவும் சாகும், தொட்டி சீக்கிரம் நிரம்பும். நிரம்பினால் ஆளை உள்ளே இறக்காதீர்கள், சட்டப்படி குற்றம். 14420-ஐ அழைத்தால் இயந்திரம் மூலம் எடுக்க வழி சொல்வார்கள்.

மருந்தே தேவைப்படாத ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, குடத்திலும் டிரம்மிலும் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் ஒட்டி முட்டை இடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் முட்டை போகாது, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒரு முறை நாரால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்?

கடைசியாக, ஒதுக்கியதை எல்லாம் என்ன செய்வது? போகி என்றால் எரிப்பது என்று ஆகிவிட்டது. 2018 போகியன்று பனியோடு புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. பழைய பாய், ஓலை எரிந்த காலம் வேறு. இன்று நாம் போடுவது டயர், பிளாஸ்டிக், ஃபோம் மெத்தை. நல்ல துணியை யாருக்காவது கொடுங்கள், இரும்பும் பேப்பரும் பழைய பேப்பர் கடைக்கு. மக்கும் குப்பை, மக்காத குப்பை தனித்தனியாக. காலி ஆசிட் பாட்டில், பேட்டரி, டியூப்லைட், காலாவதி மாத்திரை ஆகியவை மூன்றாவது வகை, வீட்டு அபாயக் கழிவு. அவற்றைத் தனிப் பையில் கொடுங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி இருந்தால் தடிமனான பேப்பரில் சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர் அந்தப் பையைக் கையால்தான் பிரிக்கிறார்.

சென்னையில் குப்பை தொடர்பான புகாருக்கு மாநகராட்சியின் 1913. மற்ற ஊர்களில் உங்கள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்தின் எண்ணை இப்போதே போனில் சேமித்து வையுங்கள். அப்படியே எழுந்து போய், பாத்ரூம் மூலையில் இருக்கும் அந்த இரண்டு பாட்டில்களில் ஒன்றை வேறு அலமாரிக்கு, உயரமான தட்டுக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.