நினைவே இல்லாத காயமும் ஆறும், தெரியுமா?

பேச்சு வராத வயதில் பட்ட பயம் ஐம்பது வயதிலும் உடம்பைவிட்டுப் போகாமல் இருக்கும், தெரியுமா? கண்களை இடமும் வலமும் அசைத்தபடியே அந்தப் பயத்தை ஆற்றும் சிகிச்சை ஒன்று இருக்கிறது, தெரியுமா? அதை உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது, தெரியுமா? ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும், நேற்றைய பால்மரக் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்ட பேராக் மண்ணிலும் வாழும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் அறிய வேண்டிய அதிசயங்கள் இவை!

1. நொடிக்கு 10 லட்சம் இணைப்புகள்!

பிறந்த முதல் சில ஆண்டுகளில் குழந்தையின் மூளைக்குள் நொடிக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு இணைப்புகள் உருவாகின்றன! பயத்தை உணரும் அமிக்டலா என்னும் பகுதி மிகச் சீக்கிரமே வேலையைத் தொடங்கிவிடும். எங்கே, எப்போது, யாரால் என்று நடந்ததைக் கோத்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் முதிர்வதற்கோ ஆண்டுகள் பிடிக்கும். அதனால்தான் நம்மில் பெரும்பாலோருக்கு மூன்று வயதுக்கு முந்தைய எதுவும் நினைவில் இல்லை. காட்சி நிற்காது, சொல் நிற்காது. பயம் மட்டும் நிற்கும்! சம்சு வாடை, பெல்ட்டை உருவும் சத்தம், ஓங்கி அறையப்படும் கதவு... இவற்றில் ஏதோ ஒன்று போதும். நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும். ஏன் என்று பயப்படுபவருக்கே தெரியாது.

2. மரத்தில் தொங்கவிடப்பட்ட சிறுமி!

ஈப்போ அருகே பாப்பான் என்னும் சிற்றூரில், ஜப்பானியர் ஆட்சியை எதிர்த்த போராளிகளுக்கு இரகசியமாக மருத்துவம் பார்த்த தாதி சிபில் கார்த்திகேசு. அவர் கணவர், இலங்கைத் தமிழர் வழிவந்த டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு. 1943இல் ஜப்பானிய இராணுவக் காவல்படையான கெம்பெய்த்தாய் சிபிலைக் கைது செய்து சித்திரவதை செய்தது. அவர் வாய் திறக்கவில்லை என்றதும், சின்னஞ்சிறு மகள் டானைக் கயிற்றில் கட்டி மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டப் போவதாக மிரட்டினார்கள்! குழந்தை உயிர் தப்பினாள். தாய்க்குப் பின்னாளில் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948இல் அவர் காலமானார். அப்படி ஒரு கொடுமையைக் கண்ட குழந்தைக்கு அன்று என்ன சிகிச்சை இருந்தது? அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்ற பெயரே அமெரிக்க மனநலக் கையேட்டில் 1980இல்தான் ஏறியது!

3. பெயரில்லாமல் சுமந்த தலைமுறைகள்!

415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்பாக்களும் அண்ணன்களும் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. முள்வேலி, ஊரடங்கு, சோதனைச் சாவடி என்று பிள்ளைகள் வளர்ந்தார்கள். பின்னாளில் தோட்டங்கள் கைமாறின, லயன் வீடுகள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் நகர ஓரங்களுக்குப் பெயர்ந்தன. பெரட்டுக்குப் போகும் தாய் இருட்டோடு ஆயாக் கொட்டகையில் விட்டுச்சென்ற கைக்குழந்தைகள்தாம் இன்று பலருக்கும் தாத்தா, பாட்டி! அந்தப் பயங்களைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

4. பூங்காவில் பிறந்த வைத்தியம்!

பிரான்சின் ஷாப்பிரோ ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க மாணவி. புற்றுநோய் வந்து மீண்ட பிறகு, மனமும் உடம்பும் ஒன்றையொன்று எப்படித் தாக்குகின்றன என்று தேடத் தொடங்கினார். 1987இல் கலிபோர்னியாவில் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன்னை வாட்டிய நினைவுகளின் கூர்மை சட்டென்று மழுங்கியதையும், அந்த நேரத்தில் தன் கண்கள் வேகமாக இடமும் வலமும் ஓடியதையும் கவனித்தார்! 1989இல் 22 பேரிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். இன்று இ.எம்.டி.ஆர். என்று உலகெங்கும் அறியப்படும் கண்ணசைவு சிகிச்சை அப்படிப் பிறந்தது.

5. எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை!

இது மந்திரமும் அல்ல, மனோவசியமும் அல்ல. முழு விழிப்போடு நடக்கும் எட்டுக் கட்டச் சிகிச்சை. முதலில் வரலாறு கேட்பார்கள். பிறகு மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சி தருவார்கள். அதன் பின்னரே வலிக்கும் நினைவை மனத்தில் நிறுத்தச் சொல்லி, சிகிச்சையாளர் விரலை அசைப்பார், கண்கள் தொடரும். அரை நிமிடம் அளவில் ஒரு சுற்று. ‘இப்போது என்ன தோன்றுகிறது?’ என்று கேட்பார், அடுத்த சுற்று. வேதனை 10இலிருந்து 0 வரை எவ்வளவு இறங்கியது என்று நோயாளியே சொல்வார். நடந்ததை விலாவாரியாக விவரிக்கும் கட்டாயம் இல்லை என்பதை உலகச் சுகாதார நிறுவனமும் 2013 வழிகாட்டியில் குறிப்பிட்டிருக்கிறது. ‘வெளியே சொன்னால் மானம் போய்விடும்’ என்று வாயை மூடி வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

6. எலிகளும் சாட்சி சொல்கின்றன!

கண் அசைந்தால் பயம் ஏன் குறைய வேண்டும்? மூளை ஒரே நேரத்தில் கையாளக்கூடிய வேலைக்கு ஓர் அளவு உண்டு. நினைவையும் பிடித்துக்கொண்டு விரலையும் தொடரும்போது, அந்த நினைவு முன்போல் கூர்மையாக நிற்க முடியாமல் மங்குகிறது என்பது நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். 2019இல் கொரிய விஞ்ஞானிகள், பயந்த எலிகளின் கண்முன் வெளிச்சத்தை இடமும் வலமும் ஓடவிட்டார்கள். பயம் தணிந்தது! கண்ணசைவின் பங்கு எவ்வளவு, நினைவைத் துணிந்து எதிர்கொள்வதன் பங்கு எவ்வளவு என்ற விவாதம் அறிஞர்களிடையே நடக்கிறது. ஆனால் சிகிச்சை பலன் தருகிறது என்பதை உலகச் சுகாதார நிறுவனம் ஏற்று, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிந்துரைக்கிறது.

7. கதை சொல்லும் அம்மா, தட்டிக்கொடுக்கும் கை!

விரலைத் தொடரத் தெரியாத பிஞ்சுக்கு என்ன செய்வது? நடந்ததை ஒரு கதையாகக் கோத்து அம்மாவோ அப்பாவோ சொல்வார். அப்போது குழந்தையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி மெல்லத் தட்டுவார்கள். கதை ‘இப்போது நீ பத்திரமாக இருக்கிறாய்’ என்று முடியும்! 1997இல் மெக்சிகோவின் அக்காபுல்கோவைப் பாலின் சூறாவளி சூறையாடிய பின், லூசினா அர்த்திகாஸ் என்ற சிகிச்சையாளர் வண்ணத்துப்பூச்சி அணைப்பு என்னும் முறையைக் கண்டார். கைகளை மார்பின் குறுக்கே வைத்துத் தன் தோள்களைத் தானே மாறி மாறித் தட்டிக்கொள்வது, அவ்வளவுதான்! பேச்சு வரும் முன்பே காயப்பட்டவர்களுக்காக, உடம்பின் உணர்வையே பிடித்துச் செல்லும் தனி முறையை அமெரிக்காவின் கேட்டி ஓஷியாவும் சாண்ட்ரா பால்சனும் வளர்த்திருக்கிறார்கள்.

8. சுனாமியில் தப்பிய தமிழ்ப் பிள்ளைகள்!

2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில், போரையும் அலையையும் ஒருசேரக் கண்ட 31 பிள்ளைகளுக்கு ஆறே அமர்வுகளில் சிகிச்சை தந்தார்கள். சிலர் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார்கள். சிலர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 விழுக்காட்டினரும், இரண்டாம் குழுவில் 71 விழுக்காட்டினரும் கோளாறிலிருந்து மீண்டிருந்தார்கள்! கண்ணசைவு ஒன்றே வழி என்பதில்லை. பயிற்சி பெற்றவரின் துணை வேண்டும் என்பதே முக்கியம்.

9. கோலகங்சார் மரம் காட்டும் உண்மை!

1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும்: கத்தி பட்டையோடு நின்றால் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளரும், மறுபடி பால் தரும், கத்தி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் முடிச்சு விழும். பிஞ்சு மனமும் அப்படித்தான். ஆழமாகப் பட்டது தானாக ஆறாமல் முடிச்சாக நிற்கும். ஆனால் மரத்துக்கு இல்லாத வாய்ப்பு மனிதருக்கு உண்டு: முடிச்சை அவிழ்க்கலாம்!

10. பயமுறுத்திய ஊரிலேயே உதவி!

1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் தொடங்கிய மனநல மருத்துவமனைதான் இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கி எத்தனை பேரின் வாயை நாம் அடைத்திருக்கிறோம்! போதும். மலேசியாவில் ஆலோசகர்கள் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவைக் கேளுங்கள், கண்ணசைவு சிகிச்சையில் பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். அரசாங்க கிளினிக்கில் மருத்துவரிடம் சொன்னால் மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பார். காணொளியைப் பார்த்து வீட்டிலேயே பழைய காயத்தைக் கிளறாதீர்கள். குழந்தை இன்னும் அடிபட்டுக்கொண்டிருந்தால் பாதுகாப்பே முதல் சிகிச்சை: தாலியான் காசே உதவி எண் 15999ஐ எந்நேரமும் அழைக்கலாம். மனச்சோர்வில் பேச ஆள் வேண்டுமா? சுகாதார அமைச்சின் ஹீல் இணைப்பு 15555!

11. ஒரே ஒருவர் போதும்!

கொடுமைகளுக்கு நடுவிலும் நிமிர்ந்து வளர்ந்த பிள்ளைகளை ஆராய்ந்தால் அடிக்கடி தென்படுவது ஒன்றுதான் என்கிறது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம்: அவர்களைக் கைவிடாத ஒரு பெரியவர்! பாட்டியாக இருக்கலாம், ஆயாவாக இருக்கலாம், தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கலாம். பிள்ளை பயந்தால் திருநீறு பூசுங்கள், கயிறு கட்டுங்கள். அதோடு நிறுத்தாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், சிகிச்சைக்கும் அழைத்துப் போங்கள். அறுபது வயது அம்மாவுக்கும் இது பொருந்தும். சின்ன வயதில் பட்டது தலையெழுத்து அல்ல. அதை மாற்ற வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர், தெரியாத ஒருவருக்காவது இன்றே சொல்லுங்கள்!