சத்தம் போடாத பிள்ளை

ஒன்றாம் வகுப்பில் பிரச்சினைப் பிள்ளை யார் என்று கேட்டால் எந்த டீச்சரும் யோசிக்காமல் கை காட்டுவார். பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பவன், வாசலைத் தாண்டி ஓடுபவன். அவனுக்கு ஏதாவது வழி பிறந்துவிடும். அம்மாவைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வந்து பார்ப்பார். அடிக்க மட்டும் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது.

என் கவலை அவன் இல்லை. வருகைப் பதிவில் பெயர் வாசிக்கும்போது வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குகிறாளே, அவள்தான். வீட்டில் தம்பியை அதட்டுகிறவள், பள்ளிக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிடுகிறாள். அவசரத்துக்கு வெளியே போகக்கூடக் கேட்காமல் பாவாடையை நனைத்துக்கொள்வாள். சமத்துப் பிள்ளை என்று பெயர் வாங்கி அப்படியே இரண்டாம் வகுப்புக்குப் போய்விடுவாள். மருத்துவர்கள் இதை 'செலக்டிவ் மியூட்டிசம்' என்பார்கள். இது திமிரும் இல்லை, பிடிவாதமும் இல்லை, பதற்றம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்ளேயே தொடங்கிவிடும், பள்ளியில் சேர்த்த பிறகுதான் கண்ணில் படும். "பேசினால்தான் விடுவேன்" என்று நெருக்கினால் இன்னும் இறுகும்.

செய்ய வேண்டியது எளிது, பொறுமைதான் வேண்டும். தலையசைப்பையும் பதிலாக ஏற்க வேண்டும். பள்ளி தொடங்குமுன் காலி வகுப்பறையில் அம்மாவோடு விளையாடிப் பேச விட்டு, டீச்சர் முதலில் வாசலில், பிறகு அறைக்குள், அப்புறம் அருகில் என்று நெருங்க வேண்டும்.

இந்த இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே ஒரு முன்மாதிரி உண்டு. லண்டனின் ஹாக்னியில் 1970 வாக்கில் உளவியலாளர் மார்ஜரி பாக்ஸால் தொடங்கிய 'நர்ச்சர் குரூப்' வகுப்புகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள். அடிதடிக்காரனும் ஒடுங்கியவளும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். தேறியதும் தம் வகுப்புக்கே திரும்புவார்கள். தனியே பிரித்தால் முத்திரை விழும் என்று ஆட்சேபிப்பவர்களும் உண்டு.

நம் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் காலை உணவு வரத் தொடங்கிவிட்டது. கூட உட்காரத்தான் ஆளில்லை. அறுபது பிள்ளைகள், ஐந்து வகுப்பு, அதே கல்வி உரிமைச் சட்டப்படி இரண்டு ஆசிரியர்.

போதாக்குறைக்கு, அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாகப் பிரிக்கிறார்கள். வாய்விட்டு வாசிக்காதவளை எதில் வைப்பது? எழுத்துக் கூட்டத் தெரிந்தும் அரும்பிலேயே உட்கார்ந்திருப்பாள். வீட்டில் அவள் வாசிப்பதை அம்மா செல்போனில் பதிவுசெய்து கொண்டுவந்தால், டீச்சர் அதைக் கேட்டே நிலையை மாற்றிவிடலாம்.