கேசட்டில் பதிந்த வீடு

ஒலிப்பதிவுக் கூடமோ வாத்தியக் குழுவோ இன்றி, ஒருவர் தம் வீட்டிலிருந்தே இசை படைக்க இயலுமா? இயலும் என்று காட்டியவர்களுள் ஒருவர், அமெரிக்கரான டேனியல் ஜான்ஸ்டன்.

1980களின் தொடக்கத்தில், மேற்கு வர்ஜீனியாவில் பெற்றோர் இல்லத்தின் நிலவறையில் பியானோ முன் அமர்ந்து, மலிவான டேப் ரெக்கார்டரில் தம் பாடல்களைப் பதிந்தார். நாடாவின் இரைச்சலும் சேர்ந்தே பதிந்தது. தம்மைக் கடிந்துகொண்ட தாயின் குரலையும் பதிந்து, பாடல்களோடு சேர்த்தார். பிரதியெடுக்கும் கருவி இல்லாமையால், கேசட் கேட்டோருக்கு அத்தனை பாடல்களையும் மீண்டும் பாடியே பதிந்து கொடுத்தார்!

பின்னர் மனநோய் அவரைப் பலமுறை மருத்துவமனையில் சேர்த்தது. ஆயினும் அவர் பாடல்கள் ஓயவில்லை. டாம் வெயிட்ஸ் போன்ற புகழ்பெற்ற கலைஞர்களும் அவற்றைப் பாடினர். 2019இல் ஜான்ஸ்டன் மறைந்தார்.

சிந்தித்துப் பாருங்கள். உயர்ந்த கூடத்தில் பதிந்திருந்தால் இரைச்சல் நீங்கியிருக்கும்; அதனுடன் அந்த வீடும் நீங்கியிருக்கும். உங்கள் அலமாரியிலும் பழைய கேசட் ஒன்று கிடக்கலாம். தெளிவில்லை என்று அதனை எறிந்துவிடாதீர்கள். நாடா கெடுமுன் பிரதியெடுத்து வையுங்கள். அதில் இருப்பது உங்கள் உம்மாவின் குரலாக இருக்கலாம்.