உஷார்! ரஷ்யாவில் ‘ஹெல்பர்’ வேலை என்றால் போர்முனை என்று அர்த்தம்

பொழியூர் நமக்கு அயலூர் இல்லை. நீரோடியை ஒட்டிக் கிடக்கிற கரை அது. நடுவில் இருப்பது மாநில எல்லை மட்டும்தான். அந்த ஊர்ப் பையன் ஒருவன் செக்யூரிட்டி வேலை என்று நம்பி ரஷ்யாவுக்குப் போனான். போர்முனையில் ட்ரோன் தாக்கி, காலில் காயத்தோடு வீடு வந்து சேர்ந்தான். அஞ்சுதெங்கு மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவனும் அதே சமயத்தில் காயங்களோடு திரும்பினான். 2024 மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் நடந்தது இது. இரண்டு வீட்டிலும் பிள்ளை உயிரோடு வந்தான். எல்லா வீட்டுக்கும் அப்படி வாய்க்கவில்லை.

கேரளத்துக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரஷ்ய ராணுவத்துக்கு ஆள் கடத்திய வழக்கில் 2024 மார்ச் மாதம் சி.பி.ஐ. சோதனை போட்ட நகரங்களில் திருவனந்தபுரம், மதுரை, சென்னை மூன்றும் உண்டு. ஏப்ரலில் கைதானவர்களில் ஒருவர் நம் கன்னியாகுமரிக்காரர். ரஷ்யாவில் ஒப்பந்த மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டு ஆள் சேர்க்க உதவினார் என்பது சி.பி.ஐ.யின் குற்றச்சாட்டு. அதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அந்த வலை நம் வாசல்வரை விரிந்திருந்தது என்பதை நாம் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏஜென்ட் சொல்வதை அப்படியே கேளுங்கள்: “சண்டைக்கெல்லாம் போகாண்டாம் மக்கா. பின்னால நின்னு சாமான் ஏத்தி இறக்குனா போதும். மாசம் ரெண்டு லட்சம்.” இந்தப் பேச்சில் பெரிய பொய் சம்பளம் அல்ல. ‘பின்னால’ என்ற சொல்தான்.

முன்பெல்லாம் போரில் பின்பக்கம் என்று ஓர் இடம் இருந்தது. துப்பாக்கிக்காரன் முன்னே, சமையல்காரனும் லாரி டிரைவரும் பின்னே. உக்ரைன் போர் அதை அழித்துவிட்டது. சுமார் 500 டாலர், நம் கணக்கில் 40,000 ரூபாய் சொச்சம் விலையுள்ள சிறு ட்ரோன், முன்வரிசையைத் தாண்டி 15, 20 கிலோமீட்டர் உள்ளே வந்து லாரியைத் தேடுகிறது. துப்பாக்கி பிடித்த ஒருவனை விட, அவனுக்குக் குண்டும் தண்ணீரும் ரொட்டியும் கொண்டுபோகும் வண்டிதான் அதற்கு நல்ல இரை. வண்டி நின்றால் முன்னே இருப்பவன் தானாகவே ஒடுங்கிவிடுவான் அல்லவா?

சிக்னலைக் குலைத்து ட்ரோனை விழவைக்கலாம் என்றிருந்தது. 2024லிருந்து அதற்கும் மாற்று வந்துவிட்டது. தூண்டில் போடும் தங்கூசியை விட மெல்லிய கண்ணாடி இழையைப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு விட்டுக்கொண்டே பறக்கிறது ட்ரோன். ரேடியோ அலையே இல்லாதபோது எதைக் குலைப்பது? 2024 ஆகஸ்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குள் புகுந்த உக்ரைன் படை, 2025 மார்ச்சில் சூஜா நகரைக் கைவிட்டுப் பின்வாங்கியதற்கு முக்கியக் காரணம், அங்கே போய்வர இருந்த ஒரே நல்ல சாலையை ரஷ்யா இந்த இழை ட்ரோன்களால் அடைத்துவிட்டதுதான். குளச்சலில் 1741இல் ஒதுங்கி அடைபட்ட டச்சுப் படையின் கதையை அறிந்த ஊர்க்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

சாலைகளைக் காப்பாற்ற அங்கே மேலே வலை கட்டுகிறார்கள். உண்மையான மீன்வலைதான்! பிரான்சின் பிரிட்டனி கரை மீனவர்கள் கழித்துப் போட்ட வலைகளை லாரியில் ஏற்றி உக்ரைனுக்கு அனுப்பினார்கள். ட்ரோனின் விசிறி வலையில் சிக்கினால் ஓர் உயிர் மிச்சம். வலை கட்டாத இடத்தில் சுமை மனிதன் தோளுக்கு வருகிறது. 2025 தொடக்கத்தில் ரஷ்யப் படை கழுதைகளில் வெடிமருந்து ஏற்றிச் சென்ற படங்கள் வெளிவந்தன. அந்நாட்டு நாடாளுமன்றத்தில் இருக்கும் முன்னாள் ஜெனரல் ஒருவரே அதை நியாயப்படுத்திப் பேசினார்.

கழுதை கிடைக்காத இடத்துக்கு ஹெல்பர்.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். கன்னியாகுமரியில் பதுங்குகுழி. நாகர்கோவிலில் லாரி நின்றுவிட்டது. சுசீந்திரம் தாண்டினால் எந்த வண்டியும் மிஞ்சாது. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒரு தோளில், குண்டுப்பெட்டி மறு தோளில். கொட்டாரம் வழியாக ராத்திரியில் நடக்க வேண்டும். இருட்டு காப்பாற்றாது, உடம்புச் சூட்டைப் பார்க்கும் கேமரா மேலே நிற்கிறது. அந்த நடைக்குத்தான் மாதம் இரண்டு லட்சம்.

சூரத்தைச் சேர்ந்த 23 வயதுப் பையன் ஹெல்பர் வேலை என்றுதான் போனான். 2024 பிப்ரவரியில் டோனெட்ஸ்கில் வான்தாக்குதலில் இறந்தான். திருச்சூர்க்காரர் ஒருவரின் சாவுச் செய்தி 2025 ஜனவரியில் வந்தது. அந்த மாதம் நம் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு: ரஷ்யப் படையில் சேர்ந்த இந்தியர் 126 பேர், அதில் இறந்தவர் 12, காணாமல் போனவர் 16. பிரதமரே 2024 ஜூலையில் மாஸ்கோவில் இதைப் பேசினார். அதற்குப் பிறகும் ஆள் எடுப்பு நிற்காமல், 2025 செப்டம்பரில் அமைச்சகம் மறுபடியும் எச்சரிக்கை விட வேண்டி வந்தது.

எனக்கு அதிகம் பயம் ஜூன், ஜூலை மாதங்களைப் பற்றித்தான். நம் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில், கையில் காசில்லை, வட்டிக்காரன் வாசலில். தூத்தூரிலும் வள்ளவிளையிலும் ஆழ்கடலுக்கு அஞ்சாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘ரெண்டு லட்சம்’ என்ற பேச்சு காதில் விழ அதைவிட நல்ல நேரம் ஏஜென்டுக்குக் கிடைக்காது.

எப்படி இனம்காண்பது? டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், லட்சக்கணக்கில் கேட்பவனிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் ரஷ்யா இல்லை. அதனால் வளைகுடாவுக்குப் போகும்போது நடக்கிற அந்தச் சோதனையும் இதற்குக் கிடையாது. வீட்டில் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை. சந்தேகம் வந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் இலவச எண் 1800-11-3090.

பிள்ளை ஏற்கெனவே போய் இறங்கிவிட்டானா? இன்றைக்கு ராத்திரியே கூப்பிட்டு, ரஷ்ய மொழியில் எந்தப் பேப்பரை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லுங்கள். அந்தப் பேப்பர்தான் ராணுவ ஒப்பந்தம். போட்ட பிறகு நினைத்த நேரத்தில் வேலையை விட்டு வர முடியாது. பாஸ்போர்ட்டையும் விசாவையும் படம் எடுத்து இப்போதே அனுப்பச் சொல்லுங்கள், போன் அவன் கையில் இருக்கும்போதே.