பக்கம் மாறும் மந்திரம்

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அடுத்த வீட்டுப் பையன், மாலை வேளைகளில் கணக்குப் புத்தகத்தையும் ரஃப் நோட்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருவது வழக்கம். சென்ற வாரம் ‘3 எக்ஸ் = 12’ என்ற சமன்பாட்டுக்குச் சிறிதும் தயங்காமல் ‘எக்ஸ் = 9’ என்று விடையெழுதி, அடியில் இரட்டைக் கோடும் இழுத்துவிட்டான். எப்படியப்பா என்று கேட்டேன். “மூணு அந்தப் பக்கம் போனா மைனஸ் மூணு ஆயிடும் தாத்தா; பன்னெண்டுல மூணு போனா ஒம்போது” என்றான்.

அவன்மீது குற்றமில்லை. பக்கம் மாறினால் குறி மாறும் என்ற சூத்திரத்தைக் காரணம் இன்னதென்று விளங்காமலே மந்திரோபதேசம்போல் பெற்றுக்கொண்டவன், கூட்டலுக்குரிய அதனைப் பெருக்கலுக்கும் பிரயோகித்துவிட்டான். நானும் அவ்வயதில் அவ்வாறே பிரயோகித்துப் பிரம்படி பட்டவன்தான் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

உண்மையில் எந்த எண்ணும் எந்தப் பக்கமும் போவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, தம் நூலின் பெயரில் வைத்த ‘அல்-ஜப்ர்’ என்ற அரபுச் சொல்லே பின்னர் ‘அல்ஜீப்ரா’ ஆயிற்று. முறிந்ததை ஒட்டுதல், குறைந்ததை நிரப்புதல் என்பது அதன் பொருள். ஒருபுறம் ஏழு குறைந்திருந்தால் அதனை நிரப்ப வேண்டும். நிரப்பியதற்கு ஈடாக மறுபுறத்திலும் ஏழு சேர்க்க வேண்டும். இவ்வளவு தெளிவான காரியத்தை நாம் ‘போகும், மாறும்’ என்று சுருக்கிவிட்டோம். சமக்குறியின் கதியும் இதுவே. இணைகோடுகள் இரண்டைக் காட்டிலும் தம்முள் சமமானவை வேறில்லை என்று கருதி, 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு தம் நூலில் அமைத்த அவ்வுருவத்தை, விடை இதோ வருகிறது என்னும் கட்டியமாகவே நம் பிள்ளைகள் கீழ்வகுப்பிலிருந்து வாசித்துப் பழகுகின்றனர்.

ஆகையால் பையனிடம் தராசைப் பற்றிப் பேசினேன். ஒரு தட்டில் ஒரே நிறையுள்ள மூன்று புளிச் சிப்பங்கள். மறு தட்டில் 12 கிலோ எடைக்கற்கள். முள் நடுவில் நிற்கிறது. ஒரு சிப்பம் எத்தனை கிலோ? விரலை மடக்காமலே “நாலு” என்றவன், நோட்டைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்பதைத் தானே அடித்தான்.

கண்ட விடையைச் சமன்பாட்டிலேயே திரும்ப வைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் அன்றே சொல்லிக்கொடுத்தேன். அரை நிமிஷ வேலை. பயிற்சிக் கணக்குகள் ஐம்பது போடுவதைவிட இதற்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

மறுநாள் ‘4 எக்ஸ் − 7 = 2 எக்ஸ் + 9’ கொடுத்தேன். இருபுறமும் ஏழைக் கூட்டி, இருபுறமும் 2 எக்ஸைக் கழித்து, எட்டு என்று கண்டு, அதைத் திரும்ப வைத்து, இருபுறமும் 25 வரக்கண்டு மகிழ்ந்தவன், திடீரென்று, “மைனஸ் ஏழு கிலோவைத் தட்டுல எப்படித் தாத்தா வைக்கிறது?” என்றான். நியாயமான கேள்வி, தராசு அங்கே நம்மைக் கைவிட்டுவிடுகிறது. 628-இல் பிரம்மகுப்தர் நேர் எண்ணைத் தனம் என்றும், குறை எண்ணை ருணம், அதாவது கடன் என்றும் குறித்து, இரண்டுக்கும் விதி வகுத்தது என் நினைவுக்கு வரவே, ஓடிப்போய் அவன் வீட்டு மளிகைக் கடைப் பற்று நோட்டை எடுத்துவரச் சொன்னேன்.