ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைக்குப் பயிற்சி வேலை கிடைப்பது எப்படி?

தலையில் கருப்புத் தொப்பி. கீழே மணி போல விரிந்த கருப்புக் கால்சட்டை. கையில் முறுக்கிய தடி. தோளில் ஒரு சிறு மூட்டை.

ஜெர்மனி நாட்டுச் சாலைகளில் இப்படி ஒரு வாலிபர் நடந்து வருவதை இன்றும் பார்க்கலாம். நாடக மேடையிலிருந்து இறங்கி வந்தவர் போல இருப்பார். ஆனால் அவர் நடிகர் அல்ல. தச்சர்!

தச்சு வேலை கற்று முடித்ததும் சொந்த ஊரை விட்டுப் புறப்பட்டு விடுவார். மூன்று ஆண்டும் ஒரு நாளும் ஊர் ஊராகச் சுற்றுவார். போகும் இடத்தில் வேலை செய்வார். புதிய நுணுக்கம் கற்பார். அதுவரையில் சொந்த ஊருக்கு 50 கிலோ மீட்டர் தூரத்துக்குள் வரக் கூடாது! கலியாணம் ஆகியிருக்கக் கூடாது. கடனும் இருக்கக் கூடாது. இது பல நூறு ஆண்டுகளாக வரும் வழக்கம்.

"ஏட்டில் படித்தது பாதி, கையால் செய்து கற்றது மீதி" என்பது ஜெர்மானியரின் எண்ணம். அந்த எண்ணம் தச்சர்களோடு நின்றுவிடவில்லை. பல்கலைக்கழகத்துக்குள்ளும் புகுந்திருக்கிறது.

அங்கே பல படிப்புகளில் மாணவர் ஒரு தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ சில மாதம் வேலை பழக வேண்டும். இதற்கு "பிராக்டிகும்" என்று பெயர். நம் மொழியில் பயிற்சி வேலை என்று சொல்லலாம்.

இதை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று இந்தியர்களே முதல் இடம். 2022-23-ல் சீன மாணவர்களை முந்தினார்கள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அவர்கள் தொகை 49 ஆயிரத்தைத் தாண்டியது. அவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆனால் நம் பிள்ளைகள் அந்தத் தச்சரைப் போலக் கடன் இல்லாமல் புறப்படுவதில்லை!

இரவு 11 மணிக்கு ஒரு தொலைபேசி

குளிர்காலம். தமிழ்நாட்டில் இரவு 11 மணி. ஜெர்மனியில் அப்போது மாலை ஆறரை. இங்கே அம்மா தூங்காமல் காத்திருக்கிறாள். மணி அடிக்கிறது.

"சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேம்மா."

"வேலை ஏதாவது கிடைச்சுதா?"

"ஓட்டல்ல தட்டு கழுவற வேலை கிடைச்சிருக்கும்மா. அப்பாகிட்டே சொல்லிடாதே."

இப்படி எத்தனையோ வீடுகளில் பேச்சு நடக்கிறது. அம்மாவுக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனாலும் மனதில் ஓர் ஆறுதல். பையன் கையில் நாலு காசு வருகிறதே!

தட்டு கழுவுவது கேவலம் அல்ல. உழைத்துச் சம்பாதிப்பது எந்த நாட்டிலும் கௌரவமே. ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குத் தெரியாமல் பலர் நஷ்டப்படுகிறார்கள். அதைத்தான் பெற்றோர்கள் முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டும்.

நாட்கள் எண்ணப்பட்டவை

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் ஜெர்மனியில் இஷ்டப்படி வேலை செய்ய முடியாது. ஆண்டுக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் மட்டுமே அனுமதி. 2024 மார்ச்சுக்கு முன் இது 120 நாளாக இருந்தது. நான்கு மணி நேரம் வரை வேலை செய்தால் அரை நாள். அதற்கு மேல் போனால் முழு நாள்.

வாரக் கணக்கு என்று வேறு ஒரு வழியும் உண்டு. வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணிக்குள் வேலை செய்தால், அந்த வாரத்துக்கு இரண்டரை நாள் மட்டுமே கழியும்.

இந்த நாட்களைப் பெட்டியில் இருக்கும் பணம் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டல் வேலைக்கு எடுத்தாலும் குறையும். தொழில் பழகும் வேலைக்கு எடுத்தாலும் குறையும். முழுவதையும் தட்டு கழுவுவதில் செலவழித்துவிட்டால் பிறகு கை விரிக்க வேண்டியதுதான்.

பட்டம் பெற்றதும் வேலை தேட 18 மாதம் தங்கலாம் என்று ஜெர்மன் சட்டம் சொல்கிறது. அந்த 18 மாதத்தில் முதலாளிகள் கேட்கும் முதல் கேள்வி எது தெரியுமா?

"இதற்கு முன் எங்கே வேலை பழகினாய்?" என்பதுதான்!

பதில் இல்லாதவர் கஷ்டப்படுகிறார். பதில் இருப்பவருக்குக் கதவு திறக்கிறது.

மூன்று வகை வேலை

முதல் வகை, கட்டாயப் பயிற்சி. பாடத் திட்டத்திலேயே "இத்தனை வாரம் பயிற்சி செய்ய வேண்டும்" என்று எழுதியிருக்கும். இந்த நாட்கள் 140 நாள் கணக்கில் சேராது! இது பெரிய சலுகை. ஆனால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இதற்குப் பொருந்தாது. சம்பளம் குறைவாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பயிற்சி கட்டாயம் என்பதற்குப் பல்கலைக்கழகத்திடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகை, விருப்பப் பயிற்சி. மாணவர் தானாகத் தேடிக்கொள்வது. இது 140 நாள் கணக்கில் சேரும். படிப்போடு செய்யும் இந்தப் பயிற்சி மூன்று மாதத்துக்கு மேல் நீண்டால், முதல் நாளிலிருந்தே குறைந்தபட்சக் கூலி கொடுத்தாக வேண்டும். அந்தக் கூலி 2026 ஜனவரியில் மணிக்கு 13 யூரோ 90 சென்ட் என்று உயர்த்தப்பட்டது.

மூன்றாம் வகை, "வெர்க்ஸ்டூடென்ட்" வேலை. மாணவ ஊழியர் என்று பொருள். படித்துக்கொண்டே, வாரம் 20 மணி வரை, தன் படிப்புக்கு ஏற்ற நிறுவனத்தில் வேலை செய்வது. மாதா மாதம் சம்பளம் வரும். அனுபவமும் சேரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

இவை தவிரப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியருக்கு உதவியாளராகச் சேரலாம். இந்த வேலையும் 140 நாள் கணக்கில் சேராது. புதிதாகப் போனவர்களுக்கு இது நல்ல முதல் படி.

எங்கே தேடுவது?

முதலில் தேட வேண்டிய இடம் பல்கலைக்கழகமே. வேலை வழிகாட்டுவதற்கென்றே அங்கு ஓர் அலுவலகம் இருக்கும். விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக் கொடுப்பார்கள். கட்டணம் இல்லை. நிறுவனங்கள் பல்கலைக்கழகத்துக்கே வந்து கடை விரிக்கும் நாட்களும் உண்டு. அன்று சுத்தமான உடையுடன், விவரக் குறிப்பைக் கையில் எடுத்துப் போய், நேரில் பேச வேண்டும். வெட்கப்பட்டு மூலையில் நிற்கக் கூடாது.

அடுத்தது பேராசிரியர். ஜெர்மனியில் செயல்முறைக் கல்விக்கென்றே தனியாகப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அங்கே பேராசிரியர் ஆக வேண்டுமானால் படிப்பு மட்டும் போதாது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே மூன்று ஆண்டாவது தொழில் செய்திருக்க வேண்டும். ஆகவே அவர்களுக்குத் தொழிற்சாலைகளோடு பழக்கம் இருக்கும். வகுப்பில் நன்றாகப் படித்து, பணிவாகக் கேட்டால் வழி சொல்வார்கள். இது சிபாரிசு அல்ல. உழைப்புக்குக் கிடைக்கும் மதிப்பு.

மூன்றாவது, சின்ன ஊர்கள். நம் பிள்ளைகள் எல்லாரும் மூனிச்சில் உள்ள பி.எம்.டபிள்யூ., ஸ்டுட்கார்ட்டில் உள்ள பென்ஸ் என்று பெரிய கதவுகளையே தட்டுகிறார்கள். அங்கே கூட்டம் அதிகம். ஆனால் ஜெர்மனியின் பலம் சின்ன ஊர்களில் ஒளிந்திருக்கிறது. திருகாணி வியாபாரத்தில் உலகப் புகழ் பெற்ற வுர்த் நிறுவனம் இருப்பது க்யூன்செல்சாவ் என்ற சிற்றூரில். மரம் அறுக்கும் இயந்திர வாள் செய்யும் ஷ்டீல் நிறுவனம் வைப்லிங்கனில். இப்படி ஊருக்கு ஊர் தொழிற்சாலைகள். அங்கேயும் விண்ணப்பம் போட வேண்டும்.

விளம்பரம் வரவில்லையே என்று தயங்க வேண்டாம். விளம்பரம் இல்லாமலே கடிதம் எழுதி வேலை கேட்பது ஜெர்மனியில் சாதாரண வழக்கம். அதற்கென்றே அவர்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது! அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகமும் பயிற்சி இடங்களை இணையத்தில் வெளியிடுகிறது.

எப்போது தொடங்குவது?

போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும். பயிற்சி தொடங்குவதற்கு நான்கு முதல் ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். பிப்ரவரி, மார்ச் விடுமுறையில் வேலை பழக நினைப்பவர் செப்டம்பர், அக்டோபரிலேயே எழுத வேண்டும். பிப்ரவரியில் எழுதினால் பஸ் போன பிறகு கை காட்டிய கதைதான்.

ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பக் கூடாது. அந்த நிறுவனம் என்ன செய்கிறது, அதில் தனக்கு என்ன தெரியும் என்று ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். விவரக் குறிப்பில் ஆண்டும் மாதமும் விடாமல் இருக்க வேண்டும். நடுவில் ஆறு மாதம் காணாமல் போனால் "அப்போது என்ன செய்தாய்?" என்று கேட்பார்கள். பதில் வராவிட்டால் மனம் தளராமல் அடுத்த கடிதம் எழுத வேண்டும்.

மொழி என்ற சாவி

பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் பட்டறையில் மேஸ்திரி ஜெர்மன் மொழியில்தான் பேசுவார். "அந்தச் சுத்தியலை எடு" என்றால் புரிய வேண்டாமா?

பயிற்சி கிடைக்காமல் போவதற்குப் பெரிய காரணம் மொழிதான். ஜெர்மன் மொழித் தேர்வில் ஆறு படிகள் உண்டு. மூன்றாம் படியைத் தாண்டியவருக்குப் பேச்சு ஓரளவு கைவரும். சென்னையில் உள்ள மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் கற்றுத் தருகிறார்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே இரண்டு படியாவது ஏறிவிடுவது புத்திசாலித்தனம்.

ரகசியச் சான்றிதழ்!

பயிற்சி முடிந்ததும் நிறுவனம் நற்சான்றிதழ் தரும். இதை மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

சான்றிதழில் யாரையும் வெளிப்படையாகக் குறை சொல்லக் கூடாது என்பது அங்கே வழக்கம். ஆகவே முதலாளிகள் ஒரு ரகசிய பாஷை வைத்திருக்கிறார்கள்.

"எப்பொழுதும் எங்களுக்கு முழுக்க முழுக்கத் திருப்தி அளித்தார்" என்று எழுதினால் முதல் வகுப்பு என்று அர்த்தம்.

"எங்களுக்குத் திருப்தி அளித்தார்" என்று மட்டும் எழுதினால் தட்டித் தடுமாறித் தேறினார் என்று அர்த்தம்.

"முயற்சி செய்தார்" என்று எழுதினால்? ஒன்றுக்கும் உதவவில்லை என்று அர்த்தம்!

ஆகையால் சான்றிதழைப் பார்த்தவுடன் மகிழ்ந்து மடித்து வைத்துவிடக் கூடாது. தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்ல வேண்டும். நியாயமான குறை இருந்தால் உடனே திருத்தித் தரும்படி கேட்கலாம்.

பணம் கேட்டால் ஓடுங்கள்

"இத்தனை லட்சம் கொடுங்கள், ஜெர்மனியில் பயிற்சி வேலை நிச்சயம்" என்று சொல்லும் தரகர்களை நம்பாதீர்கள். நேர்மையான நிறுவனம் வேலை கொடுக்கப் பணம் வாங்காது. அனுமதித்த நாட்களுக்கு மேல் கள்ளத்தனமாக வேலை செய்யவும் கூடாது. பிடிபட்டால் தங்கும் அனுமதிக்கே ஆபத்து.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஜெர்மனிக்குப் போகும் மாணவர் ஓர் ஆண்டுச் செலவுக்கான பணத்தை வங்கியில் முன்கூட்டியே கட்டிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. பத்து லட்ச ரூபாய்க்கு மேல்! அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். சிக்கனமாக இருந்தால் முதல் ஆண்டை இதில் ஓட்டப் பார்க்கலாம்.

ஆகவே முதல் மாதமே "பணம் அனுப்பு" என்று பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள். அந்த அவசரம்தான் பிள்ளையை ஓட்டல் சமையல் அறைக்குத் துரத்துகிறது. அந்த ஓர் ஆண்டு மொழி கற்கவும் பயிற்சி தேடவும் உதவட்டும். பிறகு கடன் தானாக அடையும்.

சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு அது உருவானது. அன்று அங்கிருந்து பேராசிரியர்கள் மட்டும் வரவில்லை. தொழிற்கூட மேற்பார்வையாளர்களும் வந்தார்கள்! கரும்பலகையும் பட்டறையும் சேர்ந்ததே கல்வி என்பதை அன்றே காட்டினார்கள்.

இன்று நம் பிள்ளைகள் அந்த நாட்டுக்கே போகிறார்கள். அடுத்த முறை தொலைபேசி மணி அடிக்கும்போது, "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள். "எவ்வளவு சம்பாதிச்சே?" என்று கேட்க வேண்டாம்.

"இன்னிக்கு என்ன கத்துக்கிட்டே?" என்று கேளுங்கள்!